சொல்லவும் முடியாமல், அடக்கவும் முடியாமல்!



இந்த இதழில் ஆவக்காய் ஊறுகாய் வருஷம் முழுவதும் கெடாமல் இருக்க வழி சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மன்னிக்க வேண்டும். ஊறுகாய் அடுத்த இதழ் வரை ஊறட்டும். ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதற்குப் பதில் எழுதாமல் வேறு எதையும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

நான்காக மடித்த தாள். பெயர் இல்லை, ஊர் இல்லை. "அக்கா, எனக்கு 29 வயது. இரண்டாவது குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகிறது. தும்மினால், இருமினால், பெரியவனைத் தூக்கினால் உள்ளாடை நனைந்துவிடுகிறது. போன மாதம் நாத்தனார் வளைகாப்பில் யாரோ வேடிக்கையாகப் பேச, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதன் பிறகு பந்தி முடிகிற வரைக்கும் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மாவிடம் சொன்னால், 'எனக்கும்தான் இருக்கு, பொம்பளைன்னா எல்லாம் இருக்கும்' என்கிறாள். டாக்டரிடம் போக வெட்கமாக இருக்கிறது. இதற்கு வழியே இல்லையா?"

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை என் மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "என் கதையை எழுது. பேரு மட்டும் போடாதே. நான் பட்டது போதும், அந்தப் பொண்ணு படவேண்டாம்" என்றார். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

அத்தை ஏன் கடற்கரைக்கு வரவில்லை?

எங்கள் வீடு புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, ஈஸ்வரன் கோயில் பக்கம். என் மாமனாரின் அப்பா கட்டிய வீடு. தெருத் திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், அதைத் தாண்டி அடுக்களை, அதற்கும் அப்பால் கொல்லை. கொல்லைக் கோடியில் குளியலறையும் கக்கூசும். அந்தக் காலத்து மனுஷர்களுக்குக் கக்கூஸ் வீட்டை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு சுத்தம்!

அத்தைக்கு எழுபது தாண்டியும் சாயந்திரமானால் கடற்கரைக்குப் போக வேண்டும். காந்தி சிலைக்கு எதிரே உட்கார்ந்து நாலு பேரிடம் பேசிவிட்டு வந்தால்தான் ராத்திரி சாப்பாடு இறங்கும். சங்கடஹர சதுர்த்தி என்றால் மணக்குள விநாயகரைப் பார்க்காமல் இருக்கமாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு வருஷத்தில் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் நிறுத்தினார். முதலில் கோயில், பிறகு கடற்கரை, பிறகு கல்யாணம் கார்த்திகை எல்லாம். "கால் வலிக்குது", "வெயில்", "யாரு வர்றது" என்று ஏதாவது காரணம். சொந்தத் தம்பி பேரன் கல்யாணத்துக்கே வரவில்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என்மேல் கோபம் என்று நினைத்தேன். வீம்பு என்று நினைத்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார், காபியைக்கூட வேண்டாம் என்பார். அதையும் என்மேல் இருக்கிற ஊடல் என்றே எடுத்துக்கொண்டேன். விடியற்காலை நாலு மணிக்குக் கொல்லையில் துணி துவைக்கிற சத்தம் கேட்கும். மடி ஆசாரம் அதிகமாகிவிட்டது என்று இவரிடம் முணுமுணுத்தேன்.

ஒரு நாள் காலை பாயும் போர்வையும் நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டேன். "கொஞ்சம் முன்னாடியே எழுந்திருக்கக் கூடாதா அத்தை?" என்று கேட்டுவிட்டேன். கடிந்துகூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன். ஆனால் அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

பக்கத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். "வயசாயிடுச்சு இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்று இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். வயசு என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி ஏது? நாங்களும் திரும்பி வந்துவிட்டோம்.

ஒரு மழை ராத்திரி

ஐப்பசி கடைசி. எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. முற்றமெல்லாம் தண்ணீர். ராத்திரி ஒன்றரை மணிக்கு "ஐயோ" என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அத்தை முற்றத்துப் படியில் விழுந்து கிடக்கிறார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்த வலியிலும் என்னைப் பார்த்து முதலில் சொன்னது, "புடவையை மாத்திவிடு, அவன் வர்றதுக்குள்ள" என்பதுதான். 'அவன்' என்றது தன் மகனை.

கட்டுப் போட்டு, ஆறு வாரம் கழித்துப் பிரித்தார்கள். கை விறைத்துப் போயிருந்தது. "ஆக்குபேஷனல் தெரபிக்குப் போங்க" என்று எலும்பு டாக்டர் எழுதிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து விளக்கினேன். அத்தை பொக்கை வாயால் சிரித்தார். "ஆக்குபேஷன்னா உத்தியோகம்தானே? இந்த வயசுல எனக்கு உத்தியோகம் வாங்கித் தரப்போறாங்களா?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். போனபிறகுதான் தெரிந்தது. ஒரு மனுஷர் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை செய்கிற அத்தனை காரியமும் அவர்கள் கணக்கில் 'ஆக்குபேஷன்'தான். பல் தேய்ப்பது, தலை பின்னிக்கொள்வது, சாதம் பிசைவது, பூ தொடுப்பது, பாத்ரூம் போவது எல்லாமே. நோயால், முதுமையால், விபத்தால் அந்தக் காரியங்கள் தடைப்பட்டுப்போனால், மறுபடி எப்படிச் செய்வது என்று வழி காட்டுகிற சிகிச்சை அது. ஆளைப் பழக்குவார்கள். அது முடியாவிட்டால் செய்கிற முறையை மாற்றுவார்கள். அதுவும் போதாவிட்டால் வீட்டையே மாற்றச் சொல்வார்கள்.

அந்த தெரபிஸ்ட் சின்னப் பெண். அத்தையிடம் ஈரத்துணியைக் கொடுத்துப் பிழியச் சொன்னாள், சப்பாத்தி மாவு பிசையச் சொன்னாள். பேச்சோடு பேச்சாக, "பாட்டி, அன்னிக்கு ராத்திரி எதுக்கு எழுந்தீங்க?" என்று கேட்டாள்.

அத்தை வாய் திறக்கவில்லை. அவள் மாவைத் தள்ளி வைத்துவிட்டு, "ஒண்ணுக்குப் போகவா? அவசரமா வந்துச்சா?" என்றாள். அவ்வளவுதான். அத்தை கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். ஒரு வருஷமாக வீட்டில் நாங்கள் யாரும் கேட்காத கேள்வி அது.

நாற்பத்திரண்டு அடி

முதல் காரியமாக ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். சிறுநீரில் கிருமி இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, மலச்சிக்கலா, சாப்பிடுகிற மாத்திரைகள் என்ன என்று பார்த்தபிறகுதான் மற்றவை என்றாள். பார்த்தோம். அத்தை ரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்று நீர் பிரிய வைப்பது. அதை ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்! டாக்டர் காலைக்கு மாற்றினார். (நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவோ மாற்றவோ செய்யாதீர்கள். கேட்டுச் செய்யுங்கள்.)

அடுத்து மூன்று நாள் கணக்கு. என் மகளின் பழைய நோட்டில் கோடு போட்டுக்கொண்டோம். எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்குப் போனார், எப்போது நனைந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று நாலு கட்டம். நோட்டைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பகலில் கஷ்டம் இருந்தது, ஆனால் சமாளித்தார். நனைந்தது அநேகமாக எல்லாமே ராத்திரி ஒன்று, இரண்டு மணிக்கும் விடியற்காலை ஐந்துக்கும். அதுவும் படுக்கையில் அல்ல, வழியில்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணே வீட்டைப் பார்க்க வந்தாள். அத்தையைப் படுக்கச் சொன்னாள். "பாட்டி, இப்ப ராத்திரின்னு நினைச்சுக்குங்க. அவசரமா வருது. எப்படிப் போவீங்களோ அப்படியே போங்க" என்றாள். கையில் கடிகாரம்.

அத்தை தரையில் விரித்த பாயிலிருந்து கையூன்றிப் புரண்டு எழுந்தார். சுவரைப் பிடித்து நின்றார். ரேழிப் பக்கத்து அறையிலிருந்து கூடம், கூடத்து வாசற்படி, முற்றத்துக்கு இறங்கும் படி, மறுபடி ஏறும் படி, அடுக்களை ஓரம், கொல்லைக் கதவின் நாதாங்கி, கொல்லை, கக்கூஸ் கதவு, வெளியே எட்டாத உயரத்தில் சுவிட்சு. உள்ளே போனால் பாவாடை நாடா. முறிந்த கையால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. அவிழ்த்து, குந்தி உட்காருவதற்குள் மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடந்த தூரம் 42 அடி வைப்பு. நானும் எண்ணினேன்.

அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்: "பாட்டியோட பை ஒரு நிமிஷம் தாங்குது. உங்க வீடு மூணு நிமிஷம் கேக்குது. தப்பு பாட்டிமேல மட்டும் இல்லீங்க."

நான் தலை குனிந்துகொண்டேன். அந்த வீட்டை நான் இருபது வருஷமாகப் பெருக்கி மெழுகுகிறேன். ஒரு நாள்கூட ராத்திரியில் எழுபது வயசுக் கண்ணோடு அதைப் பார்த்ததில்லை.

என்னென்ன மாற்றினோம்?

வீட்டை இடிக்கவில்லை. பெரிய செலவும் இல்லை. உங்களுக்கும் உபயோகப்படும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

படுக்கை: பாய் போய், கட்டில் வந்தது. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிகிற உயரம். இடமும் மாறியது. அடுக்களைக்கு முன்னால் நெல் மூட்டை போட்டிருந்த அறையைக் காலி செய்துகொடுத்தோம். 42 அடி 18 அடியாகிவிட்டது. முற்றத்துப் படியே இப்போது வழியில் இல்லை.

ராத்திரிக்கு: கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி. "படுக்கிற இடத்திலயா? ஐயய்யே!" என்று அத்தை ஒரு வாரம் அதைப் பார்க்கவே இல்லை. ஒரு திரை கட்டி, மூடி போட்டு, விடிந்ததும் நானே சுத்தம் செய்துவிடுவேன் என்று சொன்னபிறகு, ஒரு மழை நாளில் அவராகவே உபயோகித்தார்.

வெளிச்சம்: கட்டிலிலிருந்து கை எட்டும் இடத்தில் சுவிட்சு. வழியில் தாழ்வாக ஒரு சின்ன விளக்கு ராத்திரி முழுவதும் எரியும். மீதி இருந்த ஒரே வாசற்படியின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்ட். கோலம் போட்ட கையால் அத்தையே அடித்தார்.

கக்கூஸ்: குந்தி உட்காரும் பீங்கானின்மேல் வைக்கிற நடுவில் ஓட்டையுள்ள ஸ்டூல், சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி. கம்பியைச் சுவரில் கொத்தனாரை வைத்து உறுதியாகப் பதிக்கவேண்டும். துண்டு போடுகிற கம்பியைப் பிடித்து எழுந்தால் அதோடு சேர்ந்து விழவேண்டியதுதான். கதவு உள்பக்கம் திறந்ததை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். உள்ளே யாராவது விழுந்தால் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார்களாம்.

உடை: பெரிய சண்டையே இங்கேதான். நைட்டி என்றதும், "எனக்கா? சீ!" என்றுவிட்டார். சரி, புடவையே இருக்கட்டும், பாவாடை நாடாவை உருவிவிட்டு எலாஸ்டிக் கோத்துக்கொடுங்கள் என்றாள் தெரபிஸ்ட். பத்து நிமிஷத் தையல். ராத்திரிக்குப் பழைய மெல்லிய நூல் புடவை. நாடா முடிச்சு ஒன்று இத்தனை நாள் ஒரு மனுஷியை அழ வைத்திருக்கிறது!

தண்ணீர்: பிற்பகலுக்கு மேல் குடிக்காமல் இருந்தது தப்பு. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், அவசரம் கூடும். மலச்சிக்கல் வேறு. காலையிலிருந்து பரவலாகக் குடித்து, படுக்கப்போகும் இரண்டு மணி நேரத்துக்கு முன்பிருந்து மட்டும் குறைக்கச் சொன்னார்கள். (இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.) சாயந்திரக் காபி மட்டும் போயிற்று. அதற்கு அத்தை இன்னமும் என்னை மன்னிக்கவில்லை.

அவசரம்: "வந்ததும் ஓடாதீங்க" என்றாள். ஓடினால் பை குலுங்கும், மனசும் பதறும், விழவும் விழுவோம். வந்ததும் அப்படியே நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். கீழே உள்ள தசையை நாலைந்து தடவை வெடுக் வெடுக்கென்று இறுக்கிவிடுங்கள். மூச்சை நிதானமாக விடுங்கள். அலை மாதிரி அந்த அவசரம் ஏறி இறங்கும். இறங்கினபிறகு நடந்து போங்கள். பகலில் இப்படிப் பழகி, போகிற இடைவெளியைப் பதினைந்து நிமிஷம் பதினைந்து நிமிஷமாக நீட்டிக்கொண்டே வந்தார் அத்தை. முக்கால் மணிக்கு ஒரு தரம் போனவர் இப்போது இரண்டரை, மூன்று மணிக்கு ஒரு தரம்.

இந்தச் சிகிச்சை எங்கிருந்து வந்தது?

நம் நாட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவில் பிறந்து, நம் நாட்டவரை மணந்து, கமலா நிம்ப்கர் என்று பெயர் வைத்துக்கொண்டவர். பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் 1950-ல் இதற்கென்று பள்ளி தொடங்கினார். 1952-ல் அகில இந்தியச் சங்கம் அமைந்தது. அதே வருஷம் உலகச் சம்மேளனம் ஏற்பட்டபோது அதை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

நம் பக்கத்தில் வேலூரைச் சொல்லவேண்டும். டாக்டர் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் 1954-ல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு நடப்பதைவிடப் பெரிய கவலை சிறுநீர்தான். நேரம் வைத்துப் பையைக் காலி செய்வது, கிருமி சேராமல் பார்த்துக்கொள்வது, அதற்கேற்ப வீட்டையும் வேலையையும் அமைத்துக்கொள்வது எல்லாம் அங்கே மறுவாழ்வுப் பயிற்சியில் அடக்கம். வெட்கப்பட்டு மறைத்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் அங்கே யாரும் மறைப்பதில்லை. நாம்தான் மறைக்கிறோம்.

2021-ல் வந்த மத்திய சட்டம் ஒன்று இந்தத் தெரபிஸ்ட்டுகளையும் அங்கீகாரம் பெற்ற மருத்துவத் தொழிலினராகச் சேர்த்திருக்கிறது. எங்கள் ஊர் ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் 'மறுவாழ்வு மருத்துவப் பிரிவு' எங்கே என்று கேளுங்கள். அங்கே விசாரித்தால் வழி சொல்வார்கள்.

இப்போது உனக்கு, தங்கச்சி

கடிதம் எழுதிய பெண்ணே, உன் தொந்தரவும் அத்தையின் தொந்தரவும் ஒன்றல்ல. அத்தைக்கு வந்தது திடீர் அவசரமும், போய்ச் சேர முடியாத கஷ்டமும். உனக்கு வருவது அழுத்தத்தால் கசிவது. பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தொட்டில் மாதிரி தாங்குகிற தசைகள் பிரசவத்தில் தளர்ந்துபோகின்றன. தும்மும்போதும் தூக்கும்போதும் வயிற்றிலிருந்து அழுத்தம் கீழே இறங்குகிறது. தாங்க வேண்டிய தொட்டில் தொய்ந்திருப்பதால் கசிகிறது.

அந்தத் தசையை மறுபடி வலுவாக்கலாம். ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் டாக்டர் 1948-லேயே இதற்கான பயிற்சியை எழுதிவைத்தார். செலவு ஒரு பைசா இல்லை.

வாயு பிரியாமல் அடக்குவது போலவும், சிறுநீரை அடக்குவது போலவும் ஒரே நேரத்தில் உள்ளே மேல்நோக்கி இழு. வயிறு, தொடை, பின்புறம் எதுவும் இறுகக் கூடாது. மூச்சையும் பிடிக்காதே. ஐந்து எண்ணும் வரை வைத்திரு, பிறகு ஐந்து எண்ணும் வரை விடு. இப்படி எட்டு முதல் பத்து தடவை, தினம் மூன்று வேளை. நாளாக நாளாகப் பத்து எண்ணும் வரை நீட்டலாம். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதே, அது நல்லதல்ல. மூன்று மாதம் விடாமல் செய். மூன்றாம் நாளே பலன் தெரியவில்லை என்று விட்டுவிடாதே.

நேரமில்லை என்பாய். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது ஒரு வேளை. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது ஒரு வேளை. படுத்தபிறகு ஒரு வேளை. பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

தசையை வலுவாக்குவது பாதிதான். அன்றாட வேலையில் அதை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் மீதிப் பாதி. தெரபிஸ்ட் எனக்குச் சொன்ன சூத்திரம், 'முதலில் இறுக்கு, அப்புறம் தூக்கு'. குழந்தையைத் தூக்குமுன், தண்ணீர்க் குடத்தை எடுக்குமுன், தும்மல் வருகிறது என்று தெரிந்த கணத்தில், கீழே இறுக்கிக்கொள். மூச்சை வெளியே விட்டபடி தூக்கு. முழு வாளியை ஒரு கையில் இழுக்காதே, அரை அரை வாளியாக இரண்டு நடை போ. பெரியவனை இடுப்பில் ஏற்றாமல், நீ உட்கார்ந்து அவனை மடியில் ஏறச் சொல். ஈரத்துணிக் கூடையைத் தரையில் வைக்காமல் ஸ்டூலின்மேல் வை. மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள், முக்கினால் இந்தத் தசை இன்னும் தொய்யும். எதற்கும் இருக்கட்டும் என்று வாசல் தாண்டும்போதெல்லாம் பாத்ரூம் போகாதே, பை கொஞ்சத்துக்கே அவசரப்படப் பழகிவிடும்.

'எனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கிறாயா? இவ்வளவு எழுதிவிட்டு இதை மறைப்பானேன்? என் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கும் இருந்தது. பத்து வருஷம் கறுப்பு நிறப் புடவையாகப் பார்த்து வாங்கினேன். அத்தையைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில்தான், வரும்போது கதவோரம் நின்று எனக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன். உன் வயதிலேயே யாராவது சொல்லியிருந்தால் அத்தனை புடவை வாங்கியிருக்கமாட்டேன்.

எப்போது உடனே டாக்டரிடம் போகவேண்டும்?

சிறுநீரில் ரத்தம் கண்டால். எரிச்சலோடு காய்ச்சல் வந்தால். அடியில் ஏதோ இறங்கி வருவது போலிருந்தால். பிரசவத்துக்குப் பிறகு இரவு பகல் என்றில்லாமல் சொட்டிக்கொண்டே இருந்தால். வயதானவர்களுக்குத் திடீரென்று கட்டுப்பாடு போய், பேச்சிலும் தடுமாற்றம் கண்டால். முதுகுவலியோடு காலில் பலம் குறைந்து, உட்காரும் இடம் மரத்துப்போய், சிறுநீர் போவதே தெரியாவிட்டாலோ வராவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இவற்றுக்குப் பயிற்சி மருந்தல்ல.

மூன்று மாதம் செய்தும் குறையவில்லை என்றாலும், எந்தத் தசை என்றே பிடிபடவில்லை என்றாலும், பெண் டாக்டரிடம் சொல்லுங்கள். வாய் வராவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுங்கள்!

கடைசியாக

அத்தைக்கு முழுக்கச் சரியாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. மாதத்தில் ஒன்றிரண்டு ராத்திரி இன்னமும் நனையும். ஆனால் நாலு மணிக்கு ஒளிந்து துவைப்பதில்லை. "இன்னிக்கு ஒரு புடவை இருக்கு" என்று வாளியில் போட்டுவிட்டுக் காபி கேட்கிறார். நான் துவைக்கிறேன். அவ்வளவுதான் விஷயம். இதற்கா ஒரு வருஷம் அவர் வீட்டுக்குள் கிடந்தார் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

போன வாரம் ஒரு சாயந்திரம், வண்டிகளை நிறுத்தும் நேரம் பார்த்துக் கடற்கரைச் சாலைக்குப் போனோம். கிளம்புமுன் பாத்ரூம், பையில் ஒரு மாற்றுப் புடவை, போகிற வழியில் எங்கெங்கே பாத்ரூம் இருக்கிறது என்ற கணக்கு, எல்லாம் அத்தையின் ஏற்பாடு. காந்தி சிலைக்கு எதிரே உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார். காரம் என்று என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கினார். நான், "அத்தை, மெதுவா..." என்று இழுத்தேன்.

"நான் பாத்துக்கறேன், நீ சும்மா இரு" என்று பாதி பாட்டிலைக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தங்கச்சி, இன்றைக்கு ராத்திரியே ஆரம்பித்துவிடு. மூன்று மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் போடு. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். அடுத்த வளைகாப்பில் வாய்விட்டுச் சிரித்தாயா என்று மட்டும் எழுது, போதும்.

மற்ற சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாராவது தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறார்களா, வெளியே வரமாட்டேன் என்கிறார்களா என்று ஒரு பார்வை பாருங்கள். கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேளுங்கள்.

அடுத்த இதழில் கட்டாயம் ஆவக்காய்!